அருவிப் பயணமும் அவதானமும்

பெருநாள் விடுமுறை வந்துவிட்டால், கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களின் இளைஞர்கள் குழுவாக வேன் பிடித்து மலைநாட்டுக்குப் புறப்படுவது வழமை. கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள 220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சியும் உச்சியிலுள்ள தடாகங்களும் அவர்களை ஈர்ப்பதில் வியப்பில்லை.

ஆனால், கடலின் குணமறிந்தோருக்கு மலையாற்றின் குணம் புதிது. பூனாகலை ஓயாவின் மேற்பகுதியில் மழை பொழிந்தால், வெயிலடிக்கும் தடாகத்திலும் வெள்ளம் திடீரெனப் பெருகலாம். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் மலைநாட்டில் பிற்பகல் இடிமழை சாதாரணம். காலையில் கரையோரத்திலிருந்து ஒருநாள் பயணமாகப் புறப்படும் குழு உச்சியை அடைவதும் பெரும்பாலும் அவ்வேளையில்தான்.

தமிழகத்தின் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11ஆம் திகதி மூண்ட காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலையேற்றத்துக்கான விரிவான விதிகள் அதன் பின்னரே அங்கு வகுக்கப்பட்டன. நாமும் உயிர்களைக் கொடுத்துத்தான் பாடம் கற்க வேண்டுமா?

இடமறிந்த வழிகாட்டி, நண்பகலுக்குள் இறங்கிவிடும் திட்டம், "திரும்புவோம்" என ஒருவர் சொன்னால் அனைவரும் கட்டுப்படும் ஒழுங்கு ஆகிய மூன்றும் இல்லாத பயணத்துக்குப் பெற்றோரும் விளையாட்டுக் கழகங்களும் இடமளிக்கலாகாது.