வண்டிக்குப் பொட்டு வைங்க, கத்தி வைக்காதீங்க



பெட்ரோல் போடவே யோசிக்கிற பயலுக பைக்கை இப்புடி ஜோடிச்சு வச்சிருக்கானுகளே, இது தேவையான்னு டவுன்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க கேப்பாங்க. தேவைதான் என்பது என் கட்சி. எதை ஜோடிக்கிறோம், எதைத் தொடாம விடுறோம் என்பதுலதான் புத்தி இருக்கணும்.

எங்க புதுக்கோட்டைச் சீமைக்கு இது புதுப் பழக்கம் இல்ல. பக்கத்துல குளமங்கலம் அய்யனார் கோயில் குதிரை சிலை 30 அடிக்கு மேல உயரம். மாசி மகத்துக்கு அதுக்குக் காகிதப்பூ மாலை போட்டு மூடிடுவாங்க. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் அடிக்காத வீடு உண்டா? இப்ப பல தொழுவத்துல மாடு இல்ல, பைக்தான் நிக்குது. கை சும்மா இருக்குமா?

கம்பெனிக்காரனும் அழகைத்தான் விக்கிறான். 2015ல பஜாஜ் அவெஞ்சர் 220 வண்டிய ரெண்டு பேர்ல விட்டாங்க. குரோம் பளபளப்போட இருந்தா குரூஸ், கருப்பு பூசி இருந்தா ஸ்ட்ரீட். இஞ்சின் ஒண்ணுதான். சென்னையில செய்யுற புல்லட் டேங்க்ல இருக்குற தங்கக் கோடு, பிரஷ் பிடிச்சுக் கையால இழுத்தது. அவங்க பண்ணுனா ஸ்டைல், நம்ம பய பண்ணுனா வெட்டிச் செலவா?

என்கிட்ட இருக்குறது பழைய அவெஞ்சர், செகண்ட் ஹேண்டு. அதுக்கு நான் பண்ணுனதைச் சொல்றேன்.

குரோம்ல லேசா துரு இருந்தா, சாப்பாடு பார்சல்ல வர்ற அலுமினியத் தாளைத் தண்ணியில நனைச்சுத் தேய்ங்க. அலுமினியம் குரோமை விட மெதுவானது, அதனால கீறல் விழாது. துடைச்சுட்டு மேல மெழுகு பாலிஷ் போடுங்க. குரோம் உரிஞ்சே போயிருந்தா இந்த வைத்தியம் பலிக்காது.

சைலன்சருக்குச் சூடு தாங்குற ஸ்பிரே பெயிண்ட்னு தனியா விக்குது. வண்டி நல்லா ஆறினதும் உப்புத்தாள் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சுட்டு அடிக்கணும். சாதாரண பெயிண்ட் அடிச்சா சூட்டுல பொரிஞ்சு உதிர்ந்துடும்.

டேங்க்ல கோடு வேணுமா? மாஸ்கிங் டேப்பை ரெண்டு வரிசையா ஒட்டி, நடுவுல கால் அங்குலம் விட்டு, கொம்புக்கு அடிச்சு மிஞ்சுன எனாமலைத் தடவுங்க. முழுசாக் காயறதுக்கு முன்னாடி டேப்பை உரிச்சாக் கோடு சுத்தமா நிக்கும். பெட்ரோல் மூடிக்குப் பக்கத்துல மட்டும் வேணாம், ஒரு சொட்டு சிந்துனாலும் கரைஞ்சிடும்.

சீட்டுக்குப் புது ரெக்சின் தச்சுப் போட்டேன். லெக் கார்டுல கயிறு சுத்துறதும் அழகுதான், ஆனா ஐப்பசி மழைக்கு முன்னாடி அவுத்துடணும். ஈரக் கயிறு உள்ளுக்குள்ள துருவை வளக்கும். சீட்டுலயும் டயர்லயும் பாலிஷ் போடாதீங்க, வழுக்கும். பிரேக் டிஸ்க் பக்கம் எண்ணெயே போகக்கூடாது.

சீட்டு நீங்கலா எல்லாம் சேத்து 1,000 ரூவாயைத் தாண்டல. ரெண்டு ஞாயித்துக்கிழமை வேலை.

இனி கத்தி விஷயம். இதுலதான் எனக்குக் கோவம் வருது. அழகுக்குன்னு சொல்லி முதல்ல கழட்டுறது சேலை கார்டு. அடுத்தது பின் மட்கார்டு. அப்புறம் கண்ணாடி. எங்க பக்கம் பொம்பளைக பின்னாடி ஒரு பக்கமாத்தான் உக்காருவாங்க. ரேஷன் கடைக்கும், பெரியாஸ்பத்திரிக்கும், கல்யாணத்துக்கும் அப்புடித்தான் போறாங்க. ஓடுற சக்கரத்துல முந்தானை சிக்குனா இழுத்துக் கீழ போட்டுடும். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123வது விதியே இதுக்குத்தான் இருக்கு. பின் சக்கரத்துல பாதிக்குக் குறையாம மறைப்பு, பின்னாடி உக்காருறவங்களுக்குக் கைப்பிடி, கால்மிதி, மூணும் இருக்கணும்னு சொல்லுது. அழகுக்குன்னு கழட்டுற தகடு ஆத்தாவைக் காப்பாத்துற தகடு. பிடிக்கலைன்னா அதுக்குக் கருப்புப் பெயிண்ட் அடி, கழட்டாத.

சைலன்சரை வெட்டிச் சத்தம் கூட்டுனா சட்டத்துல 10,000 ரூவா வரைக்கும் அபராதம் இருக்கு. கொள்முதல் நிலையத்துல நாலு குவிண்டால் நெல்லு போட்டா வர்ற காசு அது. வண்டி நிறம் ஆர்.சி.யில பதிஞ்சிருக்கும். கோடு இழுக்குறது வேற, மொத்த நிறத்தையும் மாத்துறது வேற. மாத்துறதா இருந்தா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டு மாத்துங்க. ஹேண்டில்பாரும் அப்புடித்தான். அதை மாத்துனா கேபிள் இழுபடும், வண்டி திரும்புற விதமே மாறும். அது சிங்காரம் இல்ல, ஆபரேஷன்.

நான் பாக்குற கணக்கு ஒண்ணுதான். பூசுறது, துடைக்கிறது, தைக்கிறது, ஒட்டுறது நம்ம வேலை. வெட்டுறது, வளைக்கிறது, கழட்டுறது நம்ம வேலை இல்ல.

கடன் வாங்கிப் புது வண்டி கேக்குற பய வீட்டுல இருந்தா, பழைய வண்டியையும் ஒரு உப்புத்தாளையும் கையில குடுத்துப் பாருங்க. தன் கையால துடைச்சுக் கோடு போட்ட வண்டிய எவனும் தாறுமாறா ஓட்டிக் கீழ போட மாட்டான். எனக்குத் தெரிஞ்சு மாசத் தவணை இல்லாம கிடைக்கிற புது வண்டி இது ஒண்ணுதான்.