அலமாரியில் கெடும் கில்ட்

துணியை உடுத்திக் கெடுப்போரைவிடப் பூட்டி வைத்துக் கெடுப்போரே மிகுதி என்பது நமது கருத்து. ஸ்காட்லாந்து தேசத்து ஆடவர் இடுப்பிலிருந்து முழங்கால்வரை உடுத்தும் 'கில்ட்' என்னும் கம்பளி ஆடை இதற்குத் தக்க சான்று.

முழு அளவு கில்ட்டுக்கு ஒற்றை அகலத் துணி சுமார் 8 கஜம் செல்லும். பாவிலும் ஊடையிலும் ஒரே வண்ண வரிசை அமைய நெய்த கட்டத் துணி அது, 'டார்ட்டன்' என்பர். கீழ் விளிம்பை மடித்துத் தைப்பதில்லை. தறியில் விழுந்த ஓரமே விளிம்பாக நிற்கிறது. நெய்தவரின் குறையை மறைக்க அங்கே இடமில்லை! பின்புறத்துக் கொசுவங்களோ இடுப்பை அடுத்த மேற்பகுதியில் மட்டுமே தைக்கப்படுகின்றன. அதற்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் அழுத்தத்தாலேயே நிற்கின்றன. வீட்டில் இதைக் காப்பவர் நினைவில் வைக்க வேண்டிய முதற் செய்தி இதுவே.

கனத்த துணியில் தைத்தது ஏறத்தாழ 2 கிலோ எடை இருக்கும். ஒற்றைக் கொக்கியில் மாட்டினால் இடுப்புப்பட்டி கோணிவிடும். பட்டியைப் பல இடங்களில் கவ்விப் பிடிக்கும் மாட்டியே தகுந்தது. இஸ்திரி போடுமுன் கொசுவங்களைப் பெருந்தையலால் ஓட்டிக்கொண்டு, ஈரத்துணி விரித்து, பெட்டியை இழுக்காமல் எடுத்தெடுத்து வைத்து அழுத்த வேண்டும்.

ஒருமுறை உடுத்தியதும் சலவைக்கு அனுப்புவது நமக்கு உடன்பாடன்று. இரவு முழுவதும் காற்றாடவிட்டு, தூரிகையால் தூசி தட்டி, கறைபட்ட இடத்தை மட்டும் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஆனால் பல மாதம் உள்ளே வைப்பதாயின் நன்கு சுத்தம் செய்தே வைக்க வேண்டும். அந்துப்பூச்சிக்கு அழுக்குக் கம்பளியே விருந்து. பறக்கும் பூச்சி துணியைத் தின்பதில்லை. அதன் புழுவே தின்கிறது. இருளும், யாரும் தொடாத அமைதியும், வியர்வையோ உணவுக் கறையோ படிந்த மயிரிழையும் கிடைத்தால் அதற்கு வேறொன்றும் வேண்டாம். ஆண்டுக்கொரு திருமணத்துக்கு மட்டும் வெளிவரும் கில்ட், பல நூறு பவுண்டு விலை பெற்றதாயினும், இவ்வாறே துளைபடுகிறது.

அந்துருண்டை போட்டுவிட்டோம் என்று சும்மா இருப்பது அன்று பழக்கம். நாப்தலீன் உருண்டைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் தடை செய்தது. பிரிட்டன் அப்போது அதன் அங்கம். தேவதாருக் கட்டையை நம்புவோரும் உண்டு. உள்ளே புகுந்துவிட்ட புழுவை அது ஒழிக்கும் என்று நாம் எண்ணவில்லை. பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபதனப் பெட்டியில் பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் மடியும். வெளியே எடுத்தவுடன் உறையைப் பிரிக்கலாகாது. குளிர் தணியுமுன் பிரித்தால் துணியில் ஈரம் படியும்.

இடுப்பு பெருத்துவிட்டதென்று கில்ட்டை ஒதுக்கவும் வேண்டுவதில்லை. தோல்வாரையும் கொக்கியையும் ஓரளவு இடம் மாற்றித் தைக்கலாம். தந்தையின் கில்ட்டை மகன் உடுத்துவது அந்நாட்டில் புதிதன்று, அந்து மிச்சம் வைத்தால்.