ஸ்க்ரூ போட்டாச்சு, படுத்துக்கோங்க!

முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிற உறவுக்காரர்கள், ஆப்பிளோடு ஓர் அறிவுரையையும் கொண்டுவருகிறார்கள்: "ஸ்க்ரூ போட்டிருக்கு, ஆறு மாசம் அசையாம படுத்துக்கோங்க." அன்போடு சொல்வதுதான். ஆனாலும் இதைப் போலக் கெடுதல் செய்கிற பேச்சு வேறில்லை என்பது என் கட்சி.

என் மனைவிக்கு இடுப்பில் ஒரு முள்ளெலும்பு இன்னொன்றின்மேல் நழுவியிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு அதிகம் வருவது. டைட்டானியம் ஸ்க்ரூவும் கம்பியும் போட்டு, இடையில் எலும்புத் துண்டுகள் வைத்தார்கள். காங்கிரீட் இறுகும்வரை தாங்குகிற சென்ட்ரிங் மாதிரிதான் அந்த ஸ்க்ரூ. பெரும்பாலும் கழற்றுவதில்லை, அதுதான் வித்தியாசம். இரண்டு எலும்பும் ஒன்றாகச் சேர 6 மாதம் முதல் ஒரு வருடம்கூட ஆகும். அந்த வேலை நடப்பது தியேட்டரில் அல்ல, நம் வீட்டில்.

அதைக் கெடுப்பவை எவை? பீடி, சிகரெட் முதலாவது. நிகோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கும். எலும்பு சேராமல் போகலாம். சர்க்கரை ஏறியிருந்தால் காயம் சீழ்பிடிக்கும் ஆபத்து அதிகம். எலும்பு மெலிந்திருந்தால் ஸ்க்ரூ தளரும். மூன்றும் ஆபரேஷனுக்கு முன்பே கவனிக்க வேண்டியவை. டாக்டரிடம் புகையை மறைத்துவிட்டு மணக்குள விநாயகருக்குத் தேங்காய் உடைத்தால் அவர் என்ன செய்வார்? நானும் அவரைக் கும்பிடுகிறவன்தான்.

நான்காவது, இந்தப் படுக்கை. காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், தொடைச் சதை கரையும். பிறகு "ஆபரேஷன் சரியில்லை" என்று டாக்டர்மேல் பழி. குனியாதே, முறுக்காதே, கனம் தூக்காதே என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். நடக்காதே என்று சொல்லவில்லை. மறுநாளே எழுப்பி நடக்க வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியையும் விடமாட்டேன். ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்த கண் எனக்கு. டிஸ்சார்ஜ் காகிதத்தில் மாத்திரைப் பெயர்கள் மூன்று பக்கம்; உடற்பயிற்சிக்கு ஒரே வரி, அதுவும் ஆங்கிலத்தில். எத்தனை நிமிடம், எத்தனை நாள், எதுவும் இல்லை. தமிழில் அரைப் பக்கம் எழுதித் தர என்ன செலவு?

நாங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த சொல் 'கொன்வலெஸான்ஸ்'. நோய்க்குப் பின் தேறுகிற காலம். அதன் லத்தீன் மூலத்துக்குப் பொருள் பலம் பெறுவது. படுத்திருந்து யாருக்குப் பலம் வந்தது?

வலிக்காதா என்பீர்கள். வலிக்கும். வலியைவிடப் பயம்தான் ஆளை முடக்குகிறது. டாக்டரே படுக்கச் சொன்னவர் விஷயம் வேறு. மற்றவர்களைப் பார்க்கப் போகிறவர்கள், டாக்டர் சொன்ன அளவைக் கேட்டுக்கொண்டு, தெருமுனைவரை கூட நடந்துவிட்டு வாருங்கள். அப்பாவுக்கு ரகசியமாகப் பீடி வாங்கித் தருகிற பிள்ளை அங்கே இருந்தால், அவனையும் இரண்டு வார்த்தை கேளுங்கள்.