கேரண்டி இல்லை என்று அச்சடித்தால் போதுமா?

துணிக்கடை பில்லின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரிகளை அடிக்கடி பார்க்கலாம்: ‘கலர், ஜரிகைக்கு கேரண்டி இல்லை’, ‘விற்ற துணி திரும்பப் பெறப்பட மாட்டாது’. தீபாவளிக்கு எடுத்த சட்டை பொங்கலுக்குள் தோளில் நைந்துபோகிறது. முதல் சலவையிலேயே புடவையின் சாயம் இறங்கி, கூட நனைத்த துணிகளையும் கெடுக்கிறது. அப்படியும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பலர் மீண்டும் கடைப்படி ஏறுவதில்லை. எழுதியே கொடுத்துவிட்டார்களே, இனி என்ன பேசுவது என்று அதைக் கரித்துணியாக்கிவிட்டு அடுத்த துணிக்குக் காசு சேர்க்கிறார்கள்.

அந்த இரண்டு வரிகளைக் காட்டிக் கடைக்காரர் தப்பிக்க முடியாது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு சொல்லியிருந்தால் அதற்குள், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். பில் கொடுக்காமல் விற்பதும் முறையற்ற நடைமுறைதான். வியாபாரி எந்த வகையில் உறுதி சொல்லியிருந்தாலும், அந்தத் தரம் பொருளில் இல்லையென்றால் அதுவும் குறைபாடே. ஆக, “சாயம் போகவே போகாதும்மா, தைரியமா எடுங்க” என்று விற்பனையாளர் சொன்ன சொல்லுக்குக் கடை பொறுப்பு. வாயால் உறுதி கொடுத்துவிட்டுக் காகிதத்தில் அதை அழிப்பது நேர்மையான வியாபாரம் ஆகாது. ஆடித் தள்ளுபடியில் எடுத்தது என்பதாலும் உரிமை போய்விடாது. குறையைக் காட்டி, அதற்காகவே விலை குறைத்து விற்றிருந்தால் அது வேறு.

மாவட்ட நுகர்வோர் ஆணையம் விழுப்புரத்தில் இருக்கிறது. திண்டிவனத்துக்காரர் சென்னையில் எடுத்த துணிக்கும் அங்கேயே புகார் கொடுக்கலாம். குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கப் புதிய சட்டம் வழி செய்திருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். இரண்டு ஆண்டுக்குள் புகார் தந்தால் போதும். இவ்வளவு இருந்தும் 600 ரூபாய்ச் சட்டைக்கு யார் சுமார் 40 கிலோமீட்டர் பஸ் ஏறிப் போவார்கள்? ஒருநாள் கூலி அதிலேயே போய்விடும்.

அதைவிடப் பெரிய தடை, குறையை நிரூபிப்பது. துணி தானாக நைந்ததா, துவைத்த முறையால் நைந்ததா என்ற கேள்வி வந்துவிடும். “உங்க ஊர் போர் தண்ணி உப்பு, அதான்” என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் மறுக்க வாங்கியவரிடம் ஆதாரம் இருக்காது. உப்புத் தண்ணீரும் ப்ளீச்சிங் பவுடரும் துணியைக் கெடுக்கும் என்பது உண்மைதான். சாயம் எவ்வளவு நிற்கும், உராய்வை எவ்வளவு தாங்கும், தையல் எவ்வளவு இழுவைக்கு விடும் என்றெல்லாம் ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியும். கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், ‘சிட்ரா’, 1956-லிருந்து இயங்குகிறது. ஆணையமும் துணியை முத்திரையிட்டு ஆய்வுக்கு அனுப்பலாம். ஆனால் அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரையே முதலில் கட்டச் சொல்ல சட்டத்தில் இடமிருக்கிறது. துணியின் விலையைவிட ஆய்வுச் செலவு கூடினால் ஏழை என்ன செய்வார்?

பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தக் காலம் ஓராண்டு. அங்கே ஒரு பொருள் நியாயமான காலம் உழைப்பதும் அதன் தரத்தில் சேர்த்தி. இந்தியச் சட்டத்திலும் இந்த மாற்றம் வர வேண்டும். குறைந்தது ஆறு மாதத்துக்கு நிரூபிக்கும் சுமை விற்றவர் மீது இருக்கட்டும். ஆய்வுச் செலவை நுகர்வோர் நல நிதியிலிருந்து கொடுக்கட்டும்.

சிறு கடைக்காரர்கள் இதில் நொடித்துப் போவார்களே என்ற கவலை நியாயமானது. ஈரோட்டுச் சந்தையிலும் சூரத் மொத்த வியாபாரியிடமும் வாங்கி விற்பவருக்கு நூலின் தரமும் சாயத்தின் தரமும் தெரியாது. ஆனால் அந்த நஷ்டம் அவரோடு நிற்க வேண்டியதில்லை. தயாரிப்பாளரையும் பொறுப்பாக்க இதே சட்டம் இடம் தருகிறது. திரும்பி வந்த துணியை மொத்த வியாபாரியிடம் தள்ளும் வழக்கம் வந்தால்தான் மட்டமான சரக்கு நம் கடைவீதிக்கு வருவது குறையும். இன்றோ மொத்த நஷ்டமும் வாங்கியவர் தலையில் விழுகிறது.

டெல்லி சட்டம் திருத்தும் வரை மாவட்ட நிர்வாகம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நுகர்வோர் பலரை ஒருசேரப் பாதிக்கும் முறையற்ற வணிக நடைமுறைகளைப் புகாரின் பேரில் விசாரித்து அறிக்கை தரும் அதிகாரத்தை இந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு மாவட்ட ஆட்சியருக்குக் கொடுத்திருக்கிறது. நுகர்வோர் அமைப்புகள் பில்களைத் திரட்டி விழுப்புரம் ஆட்சியரிடம் கொடுக்கட்டும். அவர் தீபாவளி விற்பனை தொடங்கும் முன்பே விசாரணையைத் தொடங்கட்டும். திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகத்தில் மாதம் ஒருநாள் நுகர்வோர் சமரச முகாம் நடத்தலாம். ஒவ்வொரு ஜவுளிக்கடை வாசலிலும் 30 நாள் விதியையும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் செய்யலாம்.