புகை ஜாக்கி: கணக்கு எங்கே இடிக்கிறது?

திண்டுக்கல்லைச் சுற்றி 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலும், நத்தம், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு சாலைகளிலும் பஞ்சரான வண்டியை ஓரங்கட்டினால், சக்கரம் இறங்குவது பெரும்பாலும் மண்ணில்தான். உள்ளங்கை அகல அடித்தகட்டின் மேல் அரை டன் பாரம் உட்கார்ந்தால் ஜாக்கி புதைகிறது, வண்டி எழும்புவதில்லை. அப்புறம் பலகை தேட வேண்டும். இதற்கு மாற்றாக, சைலன்சரிலிருந்து வரும் புகையைப் பையிலோ சிலிண்டரிலோ நிரப்பி வண்டியைத் தூக்கலாம் என்ற யோசனை, பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டுத் திட்டப்பணிகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. யோசனையில் குற்றமில்லை, அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் நிற்காது.

வீணாகும் ஆற்றலை மீட்கிறோம் என்பது அந்தக் காரணம். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு போவது உண்மையே. அதில் கொஞ்சத்தைப் பிடிக்கும் டர்போசார்ஜருக்கு ஆல்பிரட் பூக்கி 1905இலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் அது வண்டி ஓடும்போது வேலை செய்வது. ஜாக்கிக்காக, நிற்கும் வண்டியின் எஞ்சினை வேண்டுமென்றே ஓடவிட வேண்டும். ஆயிரம் கிலோ காரின் ஒரு பக்கத்தை 30 செ.மீ. தூக்க 1,500 ஜூல் போதும். ஒரு நிமிடம் ஐடிலில் ஓடினால் சுமார் 10 மி.லி. பெட்ரோல் எரியும், அதன் ஆற்றல் 3 லட்சம் ஜூல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, இங்கே கூலி இருநூறு மடங்கு.

உண்மையான ஆதாயம் பரப்பில் இருக்கிறது. புகையை அரை வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் தேக்குவது எஞ்சினுக்கு ஆகாது. அந்த அழுத்தத்தில் 10 செ.மீ. விட்டமுள்ள இரும்பு சிலிண்டர் 40 கிலோவைத்தான் தூக்கும், 60 செ.மீ. விட்டமுள்ள பை 1,400 கிலோ வரை தாங்கும். பாரம் பரவுவதால் செம்மண்ணிலும் புதையாது. சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு அதற்காக டர்பைன், கம்ப்ரசர், டேங்க் என்று வண்டியில் ஏற்றுபவர்கள் பிரச்சினையைத் தீர்க்கவில்லை, சுமந்து திரிகிறார்கள்.

எதிர்ப்புகளும் உண்டு. பின்னழுத்தம் எஞ்சினைக் கெடுக்கும் என்பார்கள். குறிப்பிட்ட அழுத்தத்தில் தானே திறக்கும் வால்வு இருந்தால் அந்த அச்சம் பெரிதும் குறையும். 2020 முதல் வரும் பி.எஸ்.-6 டீசல் வண்டிகளின் புகைவடிகட்டியையும் சென்சார்களையும் நினைத்தால், அவற்றில் இதைச் சோதிக்காமல் மாட்டக் கூடாது. பை கசிந்தால் கார்பன் மோனாக்சைடு, டயர் மாற்றக் குனிந்தவரின் முகத்துக்கே வரும். டியூப்லெஸ் டயர், ரிப்பேர் கிட், காற்றழுத்தக் கண்காணிப்பு மூன்றும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய அரசு 2020இல் விதியைத் திருத்தியதே, இனி ஜாக்கி எதற்கு என்றும் கேட்கலாம். ஆனால் பக்கவாட்டில் கிழிந்த டயரை எந்தக் கிட்டும் ஒட்டாது. மின்வண்டிக்குப் புகையே இல்லை என்பதுதான் வலுவான கேள்வி. கடையில் கிடைக்கும் 12 வோல்ட் டயர் பம்பாலும் அதே பையை நிரப்பலாம், நேரம்தான் கூடும். அப்படியானால் இதில் சரக்கு பைதான். புகை அதை நிரப்பும் வழிகளில் ஒன்று, அவ்வளவே.

ஆகவே திண்டுக்கல் பகுதிக் கல்லூரிகளின் திட்டப்பணி வழிகாட்டிகள் அடுத்த ஆண்டு "ஆற்றல் மீட்பு" என்ற தலைப்பை ஏற்காமல், கிழியாத துணி, வழுக்காத மேற்பரப்பு, பம்புக்கும் சைலன்சருக்கும் பொருந்தும் வாய், காற்று இறங்கினாலும் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு ஆகியவற்றை மாணவர்களிடம் கேட்க வேண்டும்.