எழுத்துருவுக்கு அளவுகோல் எது?
திருவரங்கக் கோயிற் சுவர்களில் முதற் பராந்தகன் காலந்தொட்டு வெட்டப்பெற்ற தமிழெழுத்துகள், உளியின் போக்கில் தமக்கென ஒரு மிடுக்குடன் நிற்கின்றன. அவற்றுட் பெரும்பாலும் புள்ளியில்லை; எகர ஏகார வேறுபாடுமில்லை. பின்னதைத் தீர்த்தவராகப் போற்றப்பெறுபவர், திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர். பெரியார் 1935இல் ‘குடிஅரசு’ இதழில் புகுத்திய ணை, லை முதலிய வடிவங்களைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. அச்சுக்கோப்பாரின் சுமை குறைந்தது. எனவே, மாற்றம் தமிழெழுத்துக்குப் பகையன்று.

கேடு வேறிடத்தில் உள்ளது. இன்று வணிக நிறுவனங்கள் தமக்கென எழுத்துரு செய்விக்குங்கால், உரோம எழுத்தின் உயரத்தையும் தடிப்பையும் அளவுகோலாக்கி, அதனுள் தமிழைத் திணிப்பது பெருகிவருகின்றது. ‘ஞ’வும் ‘ணு’வும் நசுங்குகின்றன, ‘கூ’வின் வால் வெட்டுண்கின்றது. (அப்பொருள்களை வாங்கிக் கூலி கொடுப்போரும் தமிழரே!) எழுத்துரு அமைப்போர் உரோமப் படியை ஒதுக்கிவைத்து, அரங்கத்துக் கற்சுவரையும் ஓலைச்சுவடியையும் முதலிற் படியெடுக்கட்டும்.