மார்ச் மாதத்தில் யார் கேட்பார்கள்?



புத்தாண்டு பிறந்துவிட்டது. இந்நேரம் உங்களில் பலர் புதுக் கொப்பியின் முதற்பக்கத்தில் இந்த வருடத்துக்கான பட்டியலைப் போட்டிருப்பீர்கள். தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைப்பது, விடிய எழும்பி நடப்பது, மாதாமாதம் கொஞ்சமாவது மிச்சம் பிடிப்பது. நல்லது. அந்தக் கொப்பியை மூடிவைக்கும் முன் ஒருமுறை இலங்கையின் மேற்குக் கரையில் உள்ள தலவிலப் பக்கம் போய்வருவோம், வாருங்கள்.

பாலாவியில் கொழும்பு வீதியை விட்டுக் கற்பிட்டிப் பக்கம் திரும்பி, நுரைச்சோலையும் தாண்டினால், கடலோர மணலில் புனித அன்னம்மாள் திருத்தலம். இன்றுள்ள கோயில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. உள்ளே முதிரை மரத் தூண்கள். அதன் தொடக்கத்துக்கு இரண்டு கதைகள் சொல்வார்கள். ஒன்றில், மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போன ஏழைப் போர்த்துக்கேயர் ஒருவர் ஆலமரத்தடியில் சுரூபத்தைக் காண்கிறார். மற்றதில், கப்பல் உடைந்து கரை சேர்ந்த ஐரோப்பிய வணிகர் ஒருவர், வியாபாரம் பலித்தால் திரும்பி வந்து கோயில் கட்டுவேன் என்று நேர்ந்துகொள்கிறார். பலிக்கிறது. வருகிறார், கட்டுகிறார்.

இதையெல்லாம் சரித்திரம் என்று நிறுவ முடியாது. ஆனாலும் அந்த இரண்டாவது கதையில் எனக்கு ஒரு பிரியம். கப்பல் உடைந்தவன் எதைத்தான் நேரமாட்டான்? மடியில் காசு சேர்ந்த பிறகும் அந்த மணலை நினைத்துத் திரும்பி வந்தாரே, அதுதான் பெரிய காரியம்.

இன்றும் அங்கே அதுவே நடக்கிறது. வருடத்தில் இரண்டு திருவிழா, மார்ச்சில் ஒன்று, ஓகஸ்டில் ஒன்று. ஓகஸ்டில்தான் பெருங்கூட்டம். தமிழரும் சிங்களவரும் வருகிறார்கள், கத்தோலிக்கர் அல்லாதவர்களும் வருகிறார்கள். பானை சட்டி, பாய், அரிசி மூட்டையோடு வந்து இறங்கி, மரத்தடியில் கூடாரம் அடித்து, மூன்று கல்லில் அடுப்பு மூட்டி, நாட்கணக்கில் தங்குகிற குடும்பங்கள் உண்டு. பிள்ளை வரம் கேட்டுப் போனவர்கள் மறு வருடம் கைக்குழந்தையோடு வருவார்கள். ஓகஸ்டில் காற்று அடியோ அடியென்று அடிக்கும். ஏற்றிய மெழுகுதிரி அணையும். கையால் மறைத்துக்கொண்டு மறுபடி ஏற்றுவார்கள். ஒருத்தி நேர்ந்தது மாமியாருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். "இந்த ஓகஸ்டுக்குப் போகேல்லையா?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள்.

நேர்த்தி என்பது கடவுளோடு பேரம் பேசுவது என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். பேரத்தில் இரண்டு தரப்பாவது உண்டு. நம்முடைய ஜனவரித் தீர்மானத்தில் கடன் கொடுத்தவரும் நாமே, வாங்கியவரும் நாமே. தள்ளுபடியும் உடனே கிடைத்துவிடும்! அமெரிக்க உளவியலாளர் ஜோன் நோர்குரொஸ் 1980களில் புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த 200 பேரைத் தொடர்ந்து கவனித்தார். முதல் வாரம் தாண்டியவர்கள் 77 சதவீதம். இரண்டு வருடம் நிலைத்தவர்கள் 19 சதவீதம்.

ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் வேண்டும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவு: நடுத்தரமாக 66 நாள். சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள் வரை இழுக்கும். இடையில் ஒரு நாள் தவறினாலும் பெரிய பாதகமில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஒரு நாள் விட்டதும் கொப்பியையே மூலையில் எறிகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஜனவரி முதலாம் திகதியிலிருந்து 66 நாளை எண்ணினால் மார்ச் முதல் வாரம் வரும். தலவிலவின் முதல் திருவிழாவும் மார்ச்சில்தானே!

தீர்மானத்தைத் தொடங்கும் காலமும் பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்குக் கரையில் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை மீன்பிடித் தொழில் காலம். தென்மேல் பருவக்காற்று எழும்பினால் கடல் குழம்பிவிடும். மிச்சம் பிடிக்க நினைக்கும் கடற்றொழில் வீட்டுக்கு ஜனவரிதான் தோது. ஓகஸ்டில் தொடங்கினால் எதைச் சேர்ப்பது? மாதச் சம்பளக்காரருக்கும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவு வரும் மாதம், பண்டிகை மாதம் என்று கை இறுகும் காலங்கள் உண்டு. தனியே சேர்க்க முடியாதவர்கள் சீட்டுக் கட்டுவதில் ஒரு ஞாயம் இருக்கிறது. திகதி வந்தால் மற்றவர்கள் வாசலில் நிற்பார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பட்டியலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள். அதற்குப் பக்கத்தில் மார்ச்சில் ஒரு திகதியையும், அன்று உங்களைக் கேள்வி கேட்கப்போகிறவரின் பெயரையும் எழுதுங்கள். கேட்க யாரும் இல்லையென்றால் எங்களுக்கு ஒரு தபாலட்டை போடுங்கள். மார்ச்சில் நாங்கள் கேட்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்